டீ டிகாக்ஷனும் எட்டு சிப்பாய்களும்

நான் பெயின்ட் அடிக்கும் எட்டு பொம்மைச் சிப்பாய்களில் ஐந்து பேர் முடிந்துவிட்டார்கள். மற்ற மூவரும் சாம்பல் நிற ப்ரைமரோடு, மருந்து பாட்டில் மூடிகளின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெயின்ட் அடிக்காமல் வரும் 54 மி.மீ. உலோக வார்ப்புகள். பிரிட்டிஷ் 24-ஆம் காலாட்படை, இரண்டாம் பட்டாலியன், பி கம்பெனி. 1879 ஜனவரி 22 மாலையில் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் எல்லையில், ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற ஆற்றுத்துறையில் சுமார் 150 பேர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு வீரர்களை விடிய விடியச் சமாளித்தார்களே, அவர்களில் பெரும்பகுதி இந்தக் கம்பெனிதான்.

முதல் ஆளைப் பளபளவென்று முடித்தேன். ரத்தச் சிவப்புச் சட்டை, பால் வெள்ளைத் தொப்பி, மேலே கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ். அதில் தப்பில்லை. வில்லியம் பிரிட்டன் 1893-இல் உள்ளே கூடாக ஈயச் சிப்பாய்களை வார்க்க ஆரம்பித்ததிலிருந்து, பொம்மைச் சிப்பாய் என்றாலே மினுமினுப்புதான். ஆனால் இந்த ஆட்கள் 1877–78 கேப் எல்லைப் போரில் புழுதி குடித்துவிட்டு அப்படியே இங்கே வந்தவர்கள். பேன்ட்டில் ஒட்டு, சட்டையில் வெயில் வெளிறல். என் ஆளோ கல்யாண வரவேற்புக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். தின்னரில் ஊறப்போட்டு உரித்துவிட்டேன். வார்னிஷ் பாட்டில் பரணுக்குப் போனது.

அதிக நேரம் தின்றது தொப்பி. ராணுவம் கொடுத்தது வெள்ளைத் தொப்பி. காய்ந்த புல்வெளியில் வெள்ளைத் தலை தூரத்திலிருந்தே குறிக்குச் சிக்கும் என்பதால், சிப்பாய்கள் அதில் டீயை ஊற்றிக் கறையாக்கிக்கொண்டார்கள். இதைப் படித்த பிறகு கை சும்மா இருக்குமா? கெட்டியாக டிகாக்ஷன் இறக்கி, பிரஷ்ஷால் மூன்று தடவை பூசினேன். தாமரை இலைத் தண்ணீர்தான். அக்ரிலிக் பூச்சில் ஒரு சொட்டும் ஊறாமல் உருண்டு ஓடி, விளிம்பில் வளையமாகக் காய்ந்தது. அசல் தொப்பி கார்க்கின் மேல் துணி போர்த்தியது, உறிஞ்சும். என்னுடையது உலோகம். "குடிக்கிற டீய எதுக்குடா பொம்மைக்கு ஊத்தற?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மிச்ச டிகாக்ஷனில் பழைய வேட்டியின் ஒரு கிழிசலை முக்கிக் காயப்போட்டேன். அதுதான் இப்போது என் கலர் கார்டு. பார்த்தால், ஒரே சீரான பழுப்பு எங்கேயும் இல்லை. மடிப்பில் கருப்பு தட்டுகிறது, நடுவில் வெளிறுகிறது, ஓரத்தில் கோடு கட்டுகிறது. மங்கல் வெள்ளையில் மஞ்சள் ஓக்கர், துளி அம்பர் (கரும்பழுப்பு) கலந்து அடித்து, ஓரங்களில் மட்டும் நீர்த்த பழுப்பை ஓடவிட்டேன். ஒவ்வொருவரும் தன் தொப்பிக்குத் தானே ஊற்றியிருப்பார் என்பதால் ஐந்தும் ஐந்து விதம்.

காலர் பச்சை 24-ஆம் படையின் அடையாளம், புல்லின் பச்சை. 1881-இல் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் என்று பெயர் மாறியபோது பச்சை போய் வெள்ளை வந்தது, 1905-இல் பச்சையே திரும்பியது. இரண்டு மி.மீ. இடம்தான், பல் குச்சி நுனி போதும். கருநீலப் பேன்ட்டின் சிவப்புக் கோடுதான் இன்னும் வசப்படவில்லை. நேராக இழுக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி: சிவப்பைத் தாராளமாக இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நீலத்தால் அரிந்துகொண்டு வாருங்கள்.

மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் பயனெட் (முனையில் மாட்டும் கத்தி) அசலில் 22 அங்குலம். இந்த அளவுக்கு ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர். ஒன்று வளைந்தே வந்தது. நிமிர்த்தப் போய் முறித்தேன். குண்டூசியின் தலையை வெட்டி, சுத்தியலால் தட்டி, அரை மி.மீ. துளை போட்டுச் சொருகினேன். இப்போது அந்தக் கூட்டத்திலேயே உறுதியான பயனெட் அதுதான், இரண்டு முறை குத்தும் வாங்கிவிட்டேன்.

சிப்பாய்கள் அன்று மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கிக் கட்டிய அரணுக்கு, எபாக்ஸி புட்டியில் மக்காச்சோள மூட்டைகள். ஈரமாக இருக்கும்போதே காஸ் துணியை அழுத்தினால் சாக்கு நெசவு பதிகிறது. முதல் ஆறும் தலையணை மாதிரி உப்பி நின்றன. அசல் மூட்டை 200 பவுண்டு, ஏறத்தாழ 90 கிலோ. மேல் மூட்டை அழுத்தினால் கீழ் மூட்டை பிதுங்க வேண்டாமா? இரண்டாம் தடவை இறுகும் முன்பே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமுக்கினேன். பிஸ்கட் பெட்டிகள் ஐஸ் குச்சியில், ஒரே மாலையில் முடிந்தன.

இனி அந்த மூவர். சுட்டுச் சுட்டுக் குழல் கொதித்ததால் கையில் துணி சுற்றிக்கொண்ட ஒருவர் வேண்டும். டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பசையில் நனைத்துச் சுற்றப் போகிறேன்.

அடுக்கி வைத்துப் பார்க்கும்போதுதான் உறுத்தியது: செட்டில் ஒரு ஜூலு வீரர்கூட இல்லை. எட்டு பேரும் என் புத்தக அலமாரியைக் குறிபார்க்கிறார்கள். அன்று பகலில் பக்கத்து இசாண்டில்வானாவில் இதே 24-ஆம் படையின் கம்பெனிகளைத் துடைத்தெறிந்த சேனையை வெற்றிடமாக விட முடியாது. உதுல்வானா என்ற ஜூலு படைப்பிரிவுக்காரர்கள் இருவரைத் தனியாக வாங்கியிருக்கிறேன். மணமான ஆண்கள், தலைமுடியோடு சேர்த்துக் கட்டி, மெழுகு தேய்த்து மினுக்கிய கறுப்பு வளையத்தைத் தலையில் அணிந்தவர்கள். பரணிலிருந்து கிளாஸ் வார்னிஷை இறக்க வேண்டும்.