பூனைக்கு டாய்லெட் பழக்கம்: மரத்தூள், கேக் தட்டு, ஒரு சுருள் டேப்

கித்தா (ரப்பர்) தோட்டத்து லயன் வீட்டில் இருந்தவரை எங்கள் பூனை கருப்பனுக்கு டாய்லெட் என்ற பேச்சே வந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் மண், அதைத் தாண்டினால் மரங்கள். விடிந்ததும் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவான். பிறகு மலேசியாவின் பீடோங் ஊரில் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்தோம். முன்னும் பின்னும் சிமெண்ட் தரை. தோண்ட இடமில்லாமல் பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய் அம்மாவின்) பூச்சட்டிகளைத் தேடிப் போனான். அந்தம்மா முகம் சுளிக்கவே இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கடையில் பூனை மண் ஒரு பை 15, 20 வெள்ளி (ரிங்கிட்). மாதாமாதம் அதற்குத் தண்டம் அழ மனசில்லை. போதாததற்குப் பெரிய மகள் முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வரவிருந்தாள். அவள் வருவதற்குள் பூனைக் கழிவு எங்கே விழும், யார் அள்ளுவார்கள் என்பது ஒழுங்காகிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் தட்டு. கடையில் விற்கும் தட்டுகள் பெரும்பாலும் சிறியவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால்தான் பூனை உள்ளே திரும்பி நிற்க முடியும். மூடி உடைந்த பிளாஸ்டிக் துணிப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் ஒரு பக்கத்தைப் பூனை கால் வைத்து ஏறுகிற அளவுக்குத் தாழ்வாக வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினேன்.

அடுத்தது அதற்குள் போடும் பொருள். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதற்குத் தகுந்த பலனும் கிடைத்தது. யான் என்ற ஊர்ப் பக்கத்து நெல் ஆலையிலிருந்து என் தம்பி ஒரு மூட்டை உமி கொண்டுவந்தான். உமி லேசு, செலவில்லை. ஆனால் ஈரத்தை இழுக்காது, காலில் ஒட்டிக்கொண்டு கூடம் வரை வந்துவிடும். மரத்தூள்தான் சரிப்பட்டது. நம் ஊரில் பால் வற்றிய கித்தா மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். மரம் பலகை ஆலைக்குப் போகிறது. கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும். அதனால் அறுத்த பலகைக்குப் போரான் மருந்து ஏற்றிக் காயவைக்கிறார்கள். ஆகவே மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருளும் தூளும் மருந்து ஏறியவை. பலகைப் பசையும் கலந்திருக்கும். பூனை பாதத்தை நக்கும் பிராணி. அந்தத் தூள் வேண்டவே வேண்டாம். பச்சை மரத்தை அறுக்கும் முதல் வாளுக்குக் கீழே விழும் தூளைக் கேட்டு வாங்க வேண்டும். ஆலைத் தவ்கேயிடம் (முதலாளியிடம்) காரணத்தைச் சொன்னேன். மூட்டை கொண்டுவந்தால் அள்ளிக்கொள் என்றார், காசு வாங்கவில்லை.

பச்சைத் தூள் ஈரமாக இருக்கும். அப்படியே மூட்டையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். கென்வாஸ் துணியில் பரப்பி, நல்ல வெயிலில் கிளறிக் கிளறிக் காயவைத்து, பழைய மாவுச் சல்லடையில் சலிக்க வேண்டும். கீழே விழும் பொடி பூனையின் மூக்கில் ஏறும், அது ஆகாது. மேலே நிற்கும் ரவை போன்ற தூள்தான் நமக்கு. தட்டில் இரண்டு அங்குலம் பரப்பி, அடியில் ஒரு கை சோடா உப்பு தூவினேன். அவன் முன்பு போன இடத்து மண்ணிலும் ஒரு பிடி எடுத்துத் தூளில் கலந்தேன். வாசனை பிடித்து வந்து, தோண்டி, முகர்ந்து, வேலையை முடித்துக்கொண்டான். அதோடு மக்சிக்கின் பூச்சட்டிகள் தப்பின.

டாய்லெட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவுவதையும் நிறுத்தினேன். அந்த வகைக் கிருமிநாசினிகளைப் பூனையின் ஈரலால் எளிதில் முறித்து வெளியேற்ற முடியாது. வினிகரும் தண்ணீரும் போதும். குளோரக்ஸ் போன்ற பிளீச் வகையறாவைச் சிறுநீர் இருக்கும் இடத்தில் ஊற்றினால் எழும் புகை நமக்கே கேடு.

டாய்லெட் மேலேயே உட்காரப் பழக்கலாம் என்றது சின்ன மகன். சார்லஸ் மிங்கஸ் என்ற அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர், அட்டைப்பெட்டியும் கிழித்த செய்தித்தாளும் வைத்தே தன் பூனையைப் பழக்கினாராம். பூனையை அவசரப்படுத்தாதே, குழப்பாதே என்று அவரும் சொல்லியிருக்கிறார். அவன் பேச்சைக் கேட்டுத் தட்டைத் தினமும் கொஞ்சம் நகர்த்தி டாய்லெட் பக்கம் கொண்டுபோனோம். பிறகு அடியில் பழைய பேப்பர் கட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, டாய்லெட் உயரத்துக்கு ஏற்றினோம். கட்டுகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாவிட்டால் ஆடும். ஒருமுறை ஆடினால் பூனை அந்தப் பக்கமே தலைவைக்காது. காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் அதையும் சுவர் ஆணியோடு கட்டிவைத்தோம்.

அதன்பின் கேக் சாமான் கடையில் விற்கும் அலுமினியத் தட்டு. ஒன்று மட்டும் வைத்தால் நாலு கிலோ பூனைக்கு வளைந்துவிடும். இரண்டை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, டாய்லெட் வாயில் பொருத்தி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே இருக்கை வளையத்தை இறக்கிவிட்டால் அசையாது. நடுவில் கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை; நாளாக நாளாக அதைப் பெரிதாக்கிக் கடைசியில் தட்டையே எடுத்துவிடுவது திட்டம். கத்தரித்த விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும். அதைக் கீழ்ப்புறம் மடக்கி டேப் ஒட்டியாக வேண்டும். இந்தக் கட்டத்தில் மரத்தூளைக் குறைத்து, கிழித்த டிஷ்யூ பேப்பர் போட்டோம். உமியை இங்கே போடாதீர்கள், மிதந்துகொண்டே நிற்கும்.

ஓட்டையைப் பெரிதாக்கும் முன்பே ஒரு காலையில் கருப்பன் ஏறி ஏறி இறங்கினான். முக்கினான், கத்தினான், அடிவயிற்றை நக்கினான். தூள் காய்ந்தே கிடந்தது. கடுவன் பூனைக்கு மூத்திரப் பாதை குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உடனே சுங்கை பட்டாணியில் உள்ள மிருக டாக்டரிடம் கொண்டுபோனோம். குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். தினமும் எத்தனை இடம் நனைகிறது, எவ்வளவு நனைகிறது என்று பார்த்து வாருங்கள் என்றார் டாக்டர். மரத்தூளில் நனைந்த இடம் கரும்பழுப்பாகத் தெரியும். தண்ணீரில் விழுந்தால் எதைப் பார்ப்பது?

அன்றே ஓட்டை வேலையை நிறுத்திவிட்டோம். இன்னொரு காரணமும் உண்டு. பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா கிருமியின் முட்டைகள் இருக்கலாம். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. டாய்லெட்டில் விட்டால் அந்த முட்டைகள் கழிவுநீரிலும் எளிதில் சாவதில்லை. கலிஃபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் இந்தக் கிருமியால் செத்திருக்கின்றன. கழிவு வெளியே வந்து ஒன்றிலிருந்து ஐந்து நாளில்தான் அந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வரும் என்பதால், தினமும் அள்ளிவிட்டால் பெரிய அளவில் தப்பிக்கலாம்.

இப்போது பழைய துணிப்பெட்டி டாய்லெட் அறைக்குள் தரையிலேயே இருக்கிறது. கருப்பன் வேறெங்கும் போவதில்லை. காலையில் கையுறை போட்டு நான்தான் அள்ளுவேன்; பையில் கட்டிக் குப்பை லாரிக்குப் போகிறது. மகள் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. வாரம் ஒருமுறை தூள் முழுவதையும் மாற்றி, பெட்டியைக் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கிறேன். டாய்லெட் அறைவரை பழக்கினால் போதும், அதற்கு மேல் நம் ஆசைதான் என்பது என் அபிப்பிராயம். அந்த அளவுக்கு ஆகும் செலவு, ஆலைவரை போய்வரும் பெட்ரோல் காசு மட்டும்தான்.