ஸ்கேன் நார்மல், டாப்ளர் சொன்னது வேறு

மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஐந்தாவது மாதம். கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.2-ல் நின்றிருந்தது, உடம்பு சிறுநீரகத்தை ஒதுக்காமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவும் சரியாகவே இருந்தது. ரத்த அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாத்திரை இரண்டு மூன்றாகியும் 170-க்குக் கீழே இறங்கவில்லை. டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சேர்த்த பத்தாம் நாள் கிரியேட்டினின் 1.9. காலும் வீங்கியது. அம்மா கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கத் தொடங்கிவிட்டதோ என்ற பயத்தில் அன்றிரவு கண் மூடவில்லை.

மறுநாளே வெளியே ஓரிடத்தில் வயிற்று ஸ்கேன் எடுத்தேன். அளவு சரி, நீர்த்தேக்கம் இல்லை, 'நார்மல்' என்று ரிப்போர்ட். அதை நம்பி நான்கு நாள் சும்மா இருந்துவிட்டேன். அது வெறும் கறுப்பு வெள்ளைப் படம். சிறுநீரகத்தின் உருவம் தெரியும். அதற்குள் ரத்தம் எப்படிப் போகிறது என்பது தெரியாது. இந்த வித்தியாசத்தை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிறுநீரக டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, தழும்புக்குப் பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. பயாப்ஸிக்கு முன்னாடி டாப்ளர் பார்த்துடலாம்" என்றார். குழாய்களில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் ஸ்கேன் அது. டெல்மிசார்டனை அப்போதே நிறுத்தினார். ரத்தம் வரும் குழாய் குறுகிப்போனால், சிறுநீரகம் தனக்குள் அழுத்தத்தை இறுக்கிப் பிடித்துத்தான் வடிகட்டும். இந்த வகை மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்திவிடும், அதனால் கிரியேட்டினின் ஏறும் என்றார்.

டாப்ளருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஊசி இல்லை, சாயம் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றில், தோலுக்கு அருகிலேயே இருப்பதால் நன்றாகப் பிடிபடுமாம். அதன் தமனியை என் காலுக்குப் போகும் பெரிய தமனியோடு இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் இடத்தைத்தான் ரேடியாலஜி டாக்டர் தேடினார். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பார். கருவியின் கோணம் தப்பினால் வேகக் கணக்கே தப்பிவிடும் என்பதால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார்.

கால் தமனியில் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 120 செ.மீ. தையலைத் தாண்டியதும் 390. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் பீய்ச்சி அடிக்குமே, அதேதான். ஆனால் சிறுநீரகத்துக்கு உள்ளே இருக்கும் சின்னக் குழாய்களில், ஒவ்வொரு துடிப்புக்கும் செங்குத்தாக எழவேண்டிய அலை சோம்பலாக ஏறி மழுங்கிய மேடாக இறங்கியது. ஆர்.ஐ. என்னும் எதிர்ப்புக் குறியீடு 0.47. அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் எடுத்த டாப்ளரில் அது 0.68, தையல் இடத்தில் வேகம் 150. அந்தப் பழைய ரிப்போர்ட் ஃபைலில் இருந்ததால் இது புதிதாக வந்த சுருக்கம் என்பதில் சந்தேகமே எழவில்லை. முதல் டாப்ளர் ரிப்போர்ட்டைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். சிரையையும் பார்த்தார், உறைகட்டி இல்லை.

டாப்ளர் காட்டியதை ஆஞ்சியோகிராமில் உறுதி செய்தார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்ற, பெரும்பாலும் சாயத்துக்குப் பதிலாகக் கரியமில வாயுவையே செலுத்தினார்கள். குறுகிய இடத்தைப் பலூனால் விரித்து, அது மறுபடி சுருங்காமல் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். தொடை இடுக்கில் இரண்டு நாள் வலி, அவ்வளவுதான்.

மறுநாள் மறுபடி டாப்ளர். இந்த முறை அம்மாவும் உள்ளே வந்தார். வேகம் 165. டாக்டர் ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். முதல் நாள் கேட்ட சீறல் இல்லை. சீராக, அழுத்தமாக ஒரு துடிப்பு. அம்மா கட்டிலோரம் நின்று, டாக்டர் ஜெல்லைத் துடைக்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.