படிவத்தில் இல்லாத கேள்வி

"உடற்குறைபாடு ஏதும் உண்டா?" என்ற வரி வேலை விண்ணப்பப்படிவத்தில் வரும்போதெல்லாம் என் பேனா சற்று நின்றுவிடுகிறது. 2009இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள் நான். சென்ற ஆண்டு ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்கு வேலைக்கு விண்ணப்பித்தபோது "ஆம்" என்றே எழுதினேன்; அழைப்பும் வந்தது. ஆனால் கிளிநொச்சியில் நேர்முகப்பரீட்சை நடந்த அறை இரண்டாம் மாடியில் இருந்ததால், பொய்க்காலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி முடிப்பதற்குள் கால் உரசிப் புண்ணாகிவிட்டது. "தினமும் இந்தப் படி ஏறுவீங்களோ, பிள்ளை?" என்று பரிவோடுதான் கேட்டார்கள். கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எனக்கு வேலை இல்லையென்பதைப் பின்னர் தொலைபேசியில் சொன்னார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் இயற்றப்பட்ட 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரை அவருடைய குறைபாட்டைக் காரணங்காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரச வேலைகளில் 3 வீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும்படி 1988இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனால் தொலைபேசியில் சொன்ன மறுப்பை எந்த நீதிமன்றத்தில் காட்டுவது? அதனால்தான் தெரிவு செய்யாமைக்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டுப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பினேன். பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பதில் வரவில்லை.

வீட்டு விடயத்தில் அந்தச் சட்டம் மேலும் மெலிந்தது. பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களைப் பற்றியும் பேசும் அதே 23ஆம் பிரிவு, வாடகை வீட்டையோ வீட்டுத்திட்டத்தையோ தொடுவதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 28ஆம் உறுப்புரை பொது வீடமைப்புத் திட்டங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டாலும், அது எங்கள் ஊர்ப் படிவங்கள்வரை வந்து சேரவில்லை.

எங்கள் வளவுக்கு அடுத்த வீட்டு அக்கா முள்ளந்தண்டில் காயப்பட்டவர். சில்லு நாற்காலியில்தான் நடமாட்டம். போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் அவருக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாகக் கிடைத்தது. குடும்பத்தில் மாற்றுத்திறனாளி இருப்பது தெரிவின்போது கவனிக்கப்பட்டது. அது நியாயம், அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் அந்த மாற்றுத்திறனாளி எப்படி வீட்டுக்குள் போவார், எப்படி மலசலகூடத்துக்குப் போவார் என்று எவரும் கேட்கவில்லை. வாசலில் மூன்று படிகள். மலசலகூடமோ பின்வளவில் தனியாக நிற்கிறது. மாரியில் அந்த மண்ணில் சில்லு புதையும். புதையாத நாட்களிலும் கதவு நிலையில் நாற்காலி முட்டி நின்றுவிடும். அவர் அங்கேயே இறங்கி, இரண்டு கைகளையும் ஈரச்சீமெந்தில் ஊன்றி, உடலை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறார். அத்திவாரம் வெட்டும்போதே எவராவது கேட்டிருந்தால், மேசனுக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை.

போன கிழமை மற்றொரு வேலைக்கு விண்ணப்பித்தேன். அதே வரி வந்தது. "ஆம்" என்று எழுதி, அதற்குக் கீழே இடம் விடப்படாதபோதும், "நேர்முகப்பரீட்சையைக் கீழ்த்தளத்தில் வைக்கவும்" என்று சேர்த்து எழுதி, ஒரு பிரதியையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.