செம்புத் தகட்டில் ஓர் அடுக்குக் கரி

போன ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அம்மா செம்புக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அப்படி என்ன பாத்துட்டு நிக்கிற கண்ணு?" என்று கேட்டார். புளி பட்ட இடத்தில் கறுப்பு கரைந்து, இளஞ்சிவப்பாகச் செம்பு வெளியே வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய் ஆய்வகத்தில் நான் முதலில் செய்வதும் இதே வேலைதான். அங்கே புளிக்குப் பதில் அசெட்டிக் அமிலம், குடத்துக்குப் பதில் 25 மைக்ரான் கனமுள்ள செம்புத் தகடு. மேலே இருக்கும் ஆக்சைடு போனால்தான் அதன்மேல் கிராஃபீன் ஒழுங்காக வளரும்.

கிராஃபீன் என்றால் கரியணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணமாகக் கோத்த ஒற்றை அடுக்கு. கனம் 0.335 நானோமீட்டர், ஒரு தலைமுடியின் கனத்துக்கு அடுக்க வேண்டுமென்றால் சுமார் இரண்டு லட்சம் அடுக்கு வேண்டும். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் பென்சில் கரியிலிருந்து செலோ டேப் ஒட்டி உரித்தே இதை எடுத்தார்கள், 2010இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஆனால் டேப்பில் வருவது துணுக்குத்தான். பெரிய படலம் வேண்டுமென்றால் வாயுவிலிருந்து படிய வைக்க வேண்டும். செம்பில் அது வரும் என்று 2009இல் டெக்சாஸில் ருவாஃப் குழு காட்டியது, நாங்களும் அந்த வழியில்தான் போகிறோம்.

குவார்ட்ஸ் குழாய்க்குள் தகட்டை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் ஓட்டத்தில் 1000 டிகிரி வரை ஏற்றுவோம். செம்பு உருகுவது 1085 டிகிரியில், ஆக உருகலின் விளிம்பு வரை போய் நிற்கிறோம். அந்தச் சூட்டில் செம்பின் பொடிப்பொடிப் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். அப்புறம் மீத்தேன். செம்பின் மேற்பரப்பில் மீத்தேன் உடைந்து கரி அங்கங்கே முளைவிட்டு, தீவு தீவாகப் பரவி ஒன்றையொன்று தொடும். நிக்கலாக இருந்தால் கரி உள்ளே கரைந்து, ஆறும்போது வெளியே வந்து, ஓரிடத்தில் ஒரு அடுக்கு, இன்னோரிடத்தில் பத்து அடுக்கு என்று படியும். செம்பில் கரி கரைவதே இல்லை என்று சொல்லலாம். ஒரு அடுக்கு மூடிவிட்டால் மீத்தேனை உடைக்க வெறும் செம்பு மிச்சமில்லை, வளர்ச்சி தானாக நின்றுவிடும். இது எனக்கு இன்னமும் அலுக்கவில்லை.

தீவுகள் தொடும் கோடுகளில்தான் சிக்கல். ஒவ்வொரு தீவும் ஒவ்வொரு திசை பார்த்து வளர்ந்ததால் அறுகோணங்கள் அங்கே சரியாகப் பொருந்தாது. 2017க்கு முன் வாளையாறு செக்போஸ்ட்டில் லாரி நின்ற மாதிரி எலக்ட்ரான் அந்தக் கோடுகளில் தடுமாறும்.

வளர்ப்பதைவிடக் கஷ்டம் பெயர்த்தெடுப்பது. படலத்தின் மேல் பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கை மெல்லிசாகப் பூசி, செம்பைக் கரைசலில் கரைய விடுவோம். முன்பு ஃபெரிக் குளோரைடு, இப்போது இரும்புக் கறை இல்லாத அம்மோனியம் பெர்சல்ஃபேட். சில மணி நேரத்தில் செம்பு காணாமல் போய், தண்ணீர்மேல் பாலாடை மாதிரி ஒன்று மிதக்கும். சிலிக்கான் துண்டைச் சாய்த்து அடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தூக்க வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் அவசரப்பட்டு நேராகத் தூக்கினேன், நடுவில் கிழிந்து மூன்று நாள் உழைப்பு போயிற்று. கிழியாமல் எடுத்தாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். அதுவும் பிறகு அளவையில் கை வைக்கும்.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான். மார்ச்சில் ஒரு துண்டை அளந்தபோது ஷீட் ரெசிஸ்டன்ஸ், அதாவது படலத்தின் ஒரு சதுரம் காட்டும் மின்தடை, 1,500 ஓம் பக்கம் வந்தது. அதே துண்டை, மழை பிடித்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலோடு கோயம்புத்தூர் வரை வீசிய ஜூனில் அளந்தேன், 900 ஓம். கூட இருந்தவர்கள் நல்லாயிடுச்சே என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, பீரோவுக்குள் சும்மா இருந்த படலம் எப்படித் தானாக நல்லதாகும்?

படலம் சிலிக்கான் துண்டின் 300 நானோமீட்டர் ஆக்சைடு மேல் இருந்ததால், அடியிலிருந்து கேட் வோல்டேஜ் கொடுத்து, அதில் ஓடும் மின்சுமைகளைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடிந்தது. கிராஃபீனில் மின்தடை உச்சத்துக்குப் போகும் ஓரிடம் உண்டு, டிராக் புள்ளி என்பார்கள். சுத்தமான படலத்தில் அது பூஜ்ஜிய வோல்ட்டில் இருக்க வேண்டும். எனக்கு மார்ச்சில் 22 வோல்ட், ஜூனில் 40. இந்த ஆக்சைடில் அது ஒரு வோல்ட் தள்ளிப்போனால் படலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7,200 கோடி மின்சுமைகள் கூடியிருக்கின்றன என்று பொருள். காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்குகின்றன, எலக்ட்ரான் போன காலியிடங்கள், அதாவது நேர்மின் சுமையாக ஓடும் துளைகள், படலத்தில் பெருகுகின்றன, அதனால் தடை இறங்குகிறது. மின்சுமை எவ்வளவு லேசாக ஓடுகிறது என்று சொல்லும் மொபிலிட்டியைக் கணக்குப் போட்டால் இரண்டு மாதத்திலும் 2,500 பக்கம்தான். படலம் அப்படியே இருக்கிறது, ஓடும் ஆள்கள்தான் கூடியிருக்கிறார்கள்.

பிறகு வெற்றிடத்தில் 150 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்து, வெளியே எடுக்காமலே அளந்தேன். டிராக் புள்ளி 6 வோல்ட்டுக்கு வந்தது, தடை 4,000 ஓமைத் தாண்டியது. காற்றைத் திறந்துவிட்டதும் கண்முன்னே முள் திரும்ப இறங்க ஆரம்பித்தது.

அதனால்தான், ஷீட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை மட்டும் போட்டு என் படலம் அருமை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 2010இல் கொரியாவில் 30 அங்குலப் படலம் வளர்த்து, நாலு அடுக்கில் 30 ஓம் காட்டினார்களே, அதிலும் நைட்ரிக் அமிலத்தால் மின்சுமை ஏற்றியிருந்தார்கள். அதை அவர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள், அதுதான் முறை. கணவாய்க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இதே வேலை செய்கிறவர்கள் யாராவது படித்தால், உங்கள் ஓம் கணக்கோடு டிராக் புள்ளியையும் அன்றைய ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுங்கள். என்னுடையது 40 வோல்ட், 84 சதவீதம்.