கார்டு விதி மாறியது, கடிதம் வேறெங்கோ போனது

கடந்த ஆண்டு ஏப்ரல் மாத கிரெடிட் கார்டு பில்லில் 1,180 ரூபாய் கூடுதலாக இருந்தது. ஆண்டுக் கட்டணம் 1,000, ஜிஎஸ்டி 180. ஆண்டுக்கு ஒரு லட்சம் செலவழித்தால் கட்டணம் இல்லை என்பதற்காகவே ஆறு வருடமாக அந்தக் கார்டை வைத்திருந்தேன். செலவு ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் இருந்தது. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், "வரம்பு ஒன்றரை லட்சமாகிவிட்டது சார், ஜனவரியிலேயே மெயில் அனுப்பிவிட்டோம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. கார்டு வாங்கியபோது கொடுத்த அலுவலக மின்னஞ்சல் முகவரிக்கு அது போயிருக்கிறது. அந்த வேலையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கார்டைத் தேய்த்ததும் எஸ்எம்எஸ் வந்தது, பில்லைச் செயலியில் பார்த்துக் கட்டினேன், ஆகவே எல்லாம் வந்து சேர்கிறது என்று நம்பியிருந்தேன். செலவுக்கு எஸ்எம்எஸ், விதி மாற்றத்துக்கு மின்னஞ்சல். இது அன்றுதான் உறைத்தது.

கட்டணங்களை மாற்றுவதானால் குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும், உடன்பாடில்லாதவர் கூடுதல் கட்டணமின்றிக் கார்டைத் திருப்பித் தரலாம் என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதி. ஆனால் அந்த ஒரு மாதம் என் கைக்கு வரவே இல்லை. பணமும் திரும்பவில்லை.

முகவரியை மாற்றுவது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். நெட் பேங்கிங்கில் முயன்றால், உறுதிசெய்யும் ஓடிபி அதே பழைய முகவரிக்குப் போனது! கடைசியில் ஆதார் நகலோடு கிளைக்குப் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் மாறியது.

அதன் பிறகும் ஒரு சிக்கல். வங்கியின் கடிதங்கள் ஜிமெயிலின் 'ப்ரமோஷன்ஸ்' பகுதியில், துணிக்கடைத் தள்ளுபடிகளுக்கு நடுவே விழுந்துகொண்டிருந்தன. ஸ்பாம் பகுதியில் விழுந்தால் 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். வங்கி அனுப்பும் முகவரிகளைப் பார்த்து ஒரு ஃபில்டர் போட்டேன்: அவை ஸ்பாமுக்குப் போகக்கூடாது, 'கார்டு' என்ற லேபிளில் சேர வேண்டும். நாம் கொடுக்கும் சொல்லைப் பற்றி இணையத்தில் புதிதாக வருவதை மின்னஞ்சலில் அனுப்பும் கூகுள் அலர்ட்ஸிலும் கார்டின் பெயரைக் கொடுத்தேன். தினமும் வந்ததில் பாதி விளம்பரம். வாரம் ஒருமுறை என்று மாற்றியதும் படிக்கும்படி ஆனது.

இதற்கிடையே, கார்டில் செலவழிப்பதற்கு வங்கி தரும் வெகுமதிப் புள்ளிகளைப் பற்றி, "உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதியாகின்றன" என்று அச்சு அசலாக வங்கியின் சின்னத்தோடு ஒரு கடிதம் வந்தது. என் ஃபில்டரில் சிக்காமல் வெளியே நின்றதால்தான் சந்தேகம் வந்தது. அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து வேறு. அன்றிலிருந்து கடிதத்தில் உள்ள எந்த இணைப்பையும் தொடுவதில்லை; செயலியைத் திறந்து அதே செய்தி அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறேன். வங்கிகளின் இணையதள முகவரிகள் '.பேங்க்.இன்' என்று முடிய வேண்டும் என்று 2025 அக்டோபர் 31 வரை ரிசர்வ் வங்கி கெடு கொடுத்திருந்தது. அதையும் கவனிக்கிறேன்.

நவம்பரில் உண்மையான அறிவிப்பு ஒன்று லேபிளில் வந்து நின்றது: மின்கட்டணத்துக்கு இனிப் புள்ளிகள் இல்லை, அடுத்த மாதம் முதல் அமல். நான் அதிகம் கட்டுவதே அதுதான். சேர்ந்திருந்த புள்ளிகளை மாற்றிக்கொண்டு, பாக்கியைத் தீர்த்து, கார்டை மூடச் சொல்லி எழுதினேன். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களில் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பதையும் குறிப்பிட்டேன். நான்காம் நாளே மூடியாயிற்று என்று கடிதம் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கார்டு விவரங்களைத் திறந்து பார்த்தேன். மின்னஞ்சல் என்ற இடமே காலியாக இருந்தது. திங்கட்கிழமை இருவரும் கிளைக்குப் போகிறோம்.