பீச் மரங்களின் பள்ளத்தாக்கு

ஜூன் மாதக் காலை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் இருந்து வடக்கே காரை ஓட்டிக்கொண்டிருந்தோம். நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சி நிலத்துக்குள் நுழைந்ததும் கைபேசிக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டது. அமெரிக்காவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும். அரிசோனா அப்படி மாற்றுவதில்லை. நவஹோ தேசம் மாற்றுகிறது. டூபா சிட்டியில் இருந்து 264ஆம் எண் சாலையில் கிழக்கே போனால், நடுவில் ஹோப்பி மக்களின் நிலம். அங்கே மறுபடி அரிசோனா நேரம். அதைத் தாண்டினால் மீண்டும் நவஹோ நேரம். எந்த நேரத்தில் வாழ்வது என்பதைக்கூட இங்கே இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலுமாகச் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது இந்த நிலம். தலைநகர் விண்டோ ராக். 24 பேர் கொண்ட மன்றம், தேர்தலில் வென்ற தலைவர், சொந்தக் காவல்துறை, சொந்த நீதிமன்றங்கள், ஊர் அளவில் 110 சபைகள் எல்லாம் உண்டு. மன்றக் கட்டடம் எட்டுப் பக்கம் கொண்டது. மரமும் மண்ணும் கொண்டு கட்டும் அவர்களின் மரபு வீடான ஹோகனை நினைவூட்டும் அமைப்பு. ஹோகனின் வாசல் எப்போதும் கிழக்கு பார்த்திருக்கும், விடியும்போது சூரியன் நேராக உள்ளே வருவதற்காக.

நான் பார்க்க வந்தது சின்லி ஊரை ஒட்டியிருக்கும் கேன்யன் த ஷே பள்ளத்தாக்கை. 1931இலேயே தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்ட இடம்தான். ஆனால் நிலம் நவஹோ மக்களுடையது, அடிவாரத்தில் இன்றும் அவர்கள் பயிர் செய்கிறார்கள். அதனால் நவஹோ வழிகாட்டி இல்லாமல் கீழே போக முடியாது. எங்களை அழைத்துப்போனவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள்.

அவர் பெயரைச் சொன்னார், அதோடு நிற்கவில்லை. தாயின் குலம், தந்தையின் குலம், தாய்வழித் தாத்தாவின் குலம், தந்தைவழித் தாத்தாவின் குலம் என நான்கையும் தம் மொழியில் நிதானமாகச் சொன்னார். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். ஒரே குலத்துக்குள் திருமணம் கிடையாது. முன்பின் அறியாத இருவர் சந்தித்தாலும், குலத்தைச் சொன்னதும் முறை தெரிந்துவிடும். அந்த நொடியில் இருந்து அக்கா, தம்பி என்று முறை வைத்துத்தான் பேச்சு. எதிரே இன்னொரு வண்டி வந்தபோது அதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஓட்டிவந்த இளைஞன் இறங்கிக் குலத்தைச் சொன்னான். இவர் முகம் மலர்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மகன் முறை" என்றார் எங்களிடம்.

இருபுறமும் செம்பாறைச் சுவர்கள், நடுவே மணல். ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வெகுநேரம் பேசாமல் நின்றார். 1864 தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை இங்கே நுழைந்தது. ஆடுகளும் சோளக் கொல்லைகளும் அழிக்கப்பட்டன. அந்தக் கோடையில் மறுபடி வந்த வீரர்கள் ஆயிரக்கணக்கான பீச் பழ மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பலனுக்கு வந்த மரத்தை வெட்ட எப்படித்தான் மனம் வந்ததோ! பசியால் சரணடைந்தவர்களை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடத்தி, நியூ மெக்சிகோவின் கிழக்கே போஸ்கே ரெடோண்டோவில் அடைத்தார்கள். அங்கே உப்புத் தண்ணீர். விதைத்த சோளத்தைப் புழு தின்றது. வழியிலும் முகாமிலுமாக ஏராளமானோர் இறந்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, அவர்களை ஓக்லஹோமா பக்கம் அனுப்பலாமா என்று அமெரிக்க அரசின் சார்பில் ஜெனரல் ஷெர்மன் கேட்டபோது, மறுத்துப் பேசியவர் நவஹோ தலைவர் பார்போன்சிட்டோ. இதே பள்ளத்தாக்கில் பிறந்தவர். சொந்த மண்ணைத் தவிர வேறெங்கும் போகமாட்டோம் என்பதில் உறுதியாக இருந்தார். 1868 ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மக்கள் நடந்தே வீடு திரும்பினார்கள். விரட்டப்பட்ட பழங்குடிகளில் தங்கள் மண்ணுக்கே திரும்ப முடிந்தவர்கள் மிகச் சிலர்.

அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் இப்போது தண்ணீரும் கேட்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய் இல்லை. பிக்அப் வண்டியில் பீப்பாய் ஏற்றிப் போய்ப் பிடித்து வருவது இங்கே அன்றாட வேலை. ஆனால் அவர்களுக்கான தண்ணீரை உறுதிசெய்ய அமெரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்தவில்லை எனக் கூறி, 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் வழக்கைத் தள்ளிவிட்டது. வாழ்வதற்காகத் திருப்பிக் கொடுத்த நிலத்தில் தண்ணீர் மட்டும் அடங்காதா? எனக்கு இன்றுவரை அந்தத் தீர்ப்பு ஜீரணமாகவில்லை.

திரும்பும் வழியில் தம் பாட்டியின் கொல்லையைக் காட்டினார். சோளம் முழங்கால் உயரம். ஓரத்தில், ஆடு கடிக்காமல் கம்பிவலை சுற்றிய மூன்று பீச் கன்றுகள். ஒன்றில் இலை சுருண்டிருந்தது. வண்டியின் பின்னால் இருந்த நீலப் பீப்பாயைத் திறந்து, ஒரு குவளை மொண்டு, வேரைச் சுற்றி மெதுவாக ஊற்றினார். பிறகு குவளையை என்னிடம் நீட்டி, அடுத்த கன்றைக் காட்டினார்.