தக்கை இல்லாத தூண்டில்

கண்மாயில் மீன் பிடித்து வளர்ந்தவனுக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: தக்கை முங்கினால் சுண்டு. யோசித்துக்கொண்டு நின்றால் கெளுத்தி புழுவைத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கையில் ஊறிப்போன அந்தப் பழக்கத்துக்குப் போன செப்டம்பரில் 300 டாலர் அபராதம் கட்டினேன், டிப்ஸ் தனி.

ஆபீஸ் நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து கைடு வைத்து டெஷூட்ஸ் ஆற்றுக்குப் போனோம். ஓரிகன் மாநிலம், போர்ட்லாந்திலிருந்து மவுண்ட் ஹூட் மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம் ஓட்டினால் மாபின் என்கிற சின்ன ஊர். மலைக்கு இந்தப் பக்கம் ஈரக்காடு, அந்தப் பக்கம் இறங்கினால் நம்ம ஊர் கோடை மாதிரி காய்ந்த புல்லும் கருங்கல் பாறையும்தான். நடுவில் ஆறு மட்டும் பச்சையாக, வேகமாக ஓடுகிறது.

தேடிப்போன மீன் ஸ்டீல்ஹெட். தனி ஜாதி என்று நினைத்திருந்தேன், அது ரெயின்போ டிரவுட்டேதான். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்தார்களே, அதே மீன். சிலது பிறந்த ஆற்றிலேயே இருந்துவிடுகிறது, சிலது கடலுக்குப் போய் ஒன்றிரண்டு வருஷம் தின்று கொழுத்துவிட்டு முட்டையிடத் திரும்பி வருகிறது, அதுதான் ஸ்டீல்ஹெட். டெஷூட்ஸுக்கு வர வேண்டுமென்றால் கொலம்பியா ஆற்றில் 300 கிலோமீட்டருக்கு மேல் எதிர்நீச்சல் போட்டு, பானவில், தி டாலஸ் என்று இரண்டு அணைகளை மீன் ஏணி (மீன் தாண்டி ஏறுவதற்குப் படிப்படியாகத் தண்ணீர் விட்ட வழி) வழியாகத் தாண்டியாக வேண்டும். 2021-இல் வந்த மீன் ரொம்பக் குறைந்துபோய், ஆற்றில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள்.

அதனால் சட்டதிட்டமும் அதிகம். முதுகில் வாலை ஒட்டி ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்ட மீனுக்கு அதைக் குஞ்சிலேயே நறுக்கிவிடுவார்கள், அதை வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு முழுசாக இருந்தால் ஆற்றில் பிறந்தது, விட்டுவிட வேண்டும். நாங்கள் நின்ற பகுதியில் புழு கூடாது. படகில் இருந்தபடி தூண்டில் போடவும் கூடாது, இறங்கி ஆற்றில் நின்றுதான் போட வேண்டும். 600 டாலர் கொடுத்துப் படகு எடுத்தால் அது வெறும் ஷேர் ஆட்டோதான்!

இருட்டு விலகுமுன்னே இறக்கிவிட்டார் கைடு. தண்ணீரில் வெயில் விழுந்துவிட்டால் மீன் மேலே வர யோசிக்குமாம், ஆகவே விடியலும் சாயங்காலமும்தான் வேலை. பாறை எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி வழுக்குகிறது. ஆணி வைத்த பூட்ஸ், ஊன்றுகோல், மார்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு, இவ்வளவு இருந்தும் முதல் பத்து நிமிஷம் நான் மீனையே நினைக்கவில்லை, விழாமல் நிற்பதைத்தான் நினைத்தேன்.

13 அடி நீளத் தூண்டில், இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே சாய்வாக வீசினால் நீரோட்டம் லைனை வளைத்து, கறுப்பு இறகு கட்டிய ஃபிளையை, அதாவது புழுவுக்குப் பதிலான பொய் இரைக் கொக்கியை, மெதுவாகக் கரைப் பக்கம் இழுத்து வரும். வந்து நின்றதும் இரண்டு எட்டு கீழே நகர்ந்து மறுபடியும் வீச வேண்டும், அவ்வளவுதான். பார்ப்பதற்குத் தக்கையும் கிடையாது. ஆற்றுக்குள் வந்தபிறகு இந்த மீன் சரியாகத் தின்பதில்லை, பிறகு ஏன் ஃபிளையைக் கவ்வுகிறது என்றால் கைடுக்கு ஒரு கதை, நண்பருக்கு ஒரு கதை.

கைடு திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "மீன் இழுத்தால் எதுவும் செய்யாதே." கவ்விய மீன் தன் இடத்துக்குத் திரும்பும்போது லைன் தானாக இறுகி, கொக்கி வாயின் ஓரத்தில் போய் மாட்டும். அதற்குமுன் கழியைத் தூக்கினால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். சரி சரி என்று தலையாட்டினேன்.

எதிர்க்கரையில் கூட்ஸ் ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பதோ என்னவோ. கையில் ஒரு இழுப்பு. கெளுத்தி மாதிரி வெடுக் வெடுக்கென்று இல்லை, யாரோ வேட்டி முனையைப் பிடித்து நிதானமாக இழுத்த மாதிரி. ரீல் 'க்ர்ர்' என்று ஒரு சுற்று சுற்றியது.

சுண்டிவிட்டேன்.

லைன் தொய்ந்து காலடியில் வந்து மிதந்தது. கைடு திட்டவில்லை, ஃபிளையை வாங்கிக் கொக்கியின் முனையை நகத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இரண்டு எட்டு மேலே போய் மறுபடி வீசு என்றார். வீசினேன், மீன் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் எனக்கு எதுவும் வரவில்லை, நண்பருக்குத் துடுப்பு முழுசாக இருந்த ஒன்று மாட்டி, தண்ணீரை விட்டுத் தூக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டார்கள். கையை விட்டு அது போன வேகத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது, உண்மையைச் சொல்வதில் என்ன.

காசு தண்டமா என்றால் இல்லை. தனியாகப் போயிருந்தால் அந்த ஆற்றில் மீன் எங்கே நிற்கும் என்று கண்டுபிடிப்பதற்குள் ரிட்டயர் ஆகியிருப்பேன்.

வரும் வழியில் நண்பர் கேட்டார், "மாப்ள, உன்னோடது எவ்வளவு இருந்திருக்கும்?" பார்க்கவே இல்லையே, எப்படிச் சொல்வது என்றேன். வீட்டில் மனைவி கேட்டபோது பத்து பவுண்டு என்று சொல்லியிருக்கிறேன்.